பதினேழாம் நம்பருக்கு உடைத்த தேங்காய்கள்

என் மகன் ஒரு ஆட்டத்தில் எத்தனை கூடை போட்டான் என்று டெப்போவில் யாராவது கேட்டால் நான் பொய் சொல்வேன். ஆறு என்பேன். எட்டு என்றும் சொல்லியிருக்கிறேன். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, தோளில் டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு, கூசாமல் சொல்வேன். உண்மையில் பல ஆட்டங்களில் அவன் ஒன்றுகூடப் போட்டிருக்க மாட்டான்.

நான் பஸ் கண்டக்டர். ஒன்பதாவது வரை படித்தவன். மந்தைவெளியில் வாடகை வீடு. மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என்று நாள் முழுக்க நின்றபடியே ஓடிய பிழைப்பு. கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் விரதம் தவறியதில்லை. எங்கள் தெரு முனைப் பிள்ளையாரிடம் சொல்லாமல் நான் காலை டூட்டிக்குப் போனதும் இல்லை. பிள்ளை கூடைப்பந்து ஆடுகிறான் என்பது எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த ஆட்டத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பந்து வளையத்துக்குள் விழ வேண்டும். யார் அதிகம் போடுகிறானோ அவன் கெட்டிக்காரன்.

ஒரு தடவை எங்கள் டிரைவர் ஒருவர் கல்லூரி மேட்ச் ஒன்றை வழியில் நின்று பார்த்துவிட்டு வந்தார். டெப்போவில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"இன்னா வாத்யாரே, உன் புள்ள பந்து ஆடறானா, பந்து பொறுக்கறானா? அவன் கைக்குப் பந்து வந்து நான் பாக்கவே இல்லியே!"

டீ கிளாஸோடு நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று முழுக்க விசில் ஊதும்போதெல்லாம் அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அவன் உழைக்காதவன் இல்லை. விடிவதற்குள் எழுந்து கடற்கரை மணலில் ஓடுவான். முழங்கால் வீங்கினால் உப்பைத் துணியில் கட்டிச் சட்டியில் சூடு பண்ணி ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மறுபடி போவான். ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூவை மூன்று தடவை தைத்துப் போட்டான். கல்லூரி டீமில் ஐந்தாவது ஆள். சில நாள் ஆறாவது ஆள். பேப்பரில் அவன் கல்லூரி ஜெயித்த செய்தி வந்தால் ஓரத்திலிருந்து ஓரம் வரை தேடுவேன். அவன் பெயர் இருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் நம் ஊரில் பந்தாடிச் சம்பளம் வாங்க ஒரே வழிதான் இருந்தது. பேங்க், பெரிய கம்பெனி இவர்கள் சொந்தமாக டீம் வைத்திருப்பார்கள். ஆட்டக்காரர்களுக்கு வேலை போட்டுக் கொடுப்பார்கள். காலையில் பயிற்சி, பகலில் ஆபீஸ், ஊர் ஊராகப் போட்டி. அந்த வருஷம் ஒரு கம்பெனி மட்டும் இரண்டு பேரை எடுக்கப்போவதாகச் சொன்னது. தி.நகரில் ஒரு மைதானத்தில், சனி ஞாயிறு இரண்டு நாள் தேர்வு. என் மகனுக்கு அது கல்லூரியில் கடைசி வருஷம். அடுத்த வருஷம் அவனுக்கு டீம் இருக்காது. டீம் இல்லாதவனை யார் கூப்பிட்டுப் பார்ப்பார்கள்?

கோடம்பாக்கத்தில் சினிமா ஷூட்டிங்குக்கு லைட் அனுப்பும் இடத்தில் வேலை பார்த்த என் மச்சினன் நேரிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனான். "மாமா, அவனுக்கு நல்ல தோளு. லைட்டு ஸ்டாண்டு தூக்கறதுக்கு ஏத்த ஆளு. இந்தப் பந்து கிந்து எல்லாம் போதும். திங்கக்கெழம காலைல அனுப்பிடு."

அந்தத் திங்கட்கிழமைக்கும் என் மகனுக்கும் நடுவில் இருந்தது அந்த இரண்டு நாள்தான்.

நான் பிள்ளையாரிடம் போனேன். பெரிதாக யோசிக்கவில்லை. கண்ணை மூடியதும் டெப்போவில் கேட்ட அந்தச் சிரிப்புத்தான் வந்தது. "அப்பனே, இவன் போடற ஒவ்வொரு கூடைக்கும் ஒரு தேங்காய் உனக்குச் சிதறுகாயா அடிக்கிறேன். இவனுக்கு வேலை கிடைக்கணும்" என்று வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பதினோரு தேங்காயை நார் உரித்து, குடுமி வைத்து, மஞ்சள் தடவித் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். மந்தைவெளி ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மகன் பையைப் பார்த்தான்.

"இன்னா நைனா இது? கல்யாண வீட்டுக்கா போறோம்?"

சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். அவனுக்குத் தெம்பு வரும் என்று நினைத்தேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"பதினொண்ணா?"

"பத்தலன்னா வழியில வாங்கிக்கலாம்."

 தி.நகர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தான். பையை நான் மடியில் வைத்திருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் தேங்காய்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

மைதானத்தில் இருபதுக்கு மேல் பையன்கள். எல்லோர் பனியனிலும் காகிதத்தில் நம்பர் எழுதிக் குத்தியிருந்தார்கள். என் மகனுக்குப் பதினேழு. அவன் கல்லூரி டீமில் எப்போதும் அதிகக் கூடை போடும் பையனும் வந்திருந்தான். மயிலாப்பூர் குளத்தங்கரைப் பக்கம் வீடு. என் மகனின் நண்பன், எங்கள் வீட்டுக்கு வந்து போகும் பிள்ளை. அவனுக்கு ஆறாம் நம்பர். அவனை எடுத்துவிடுவார்கள் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மிச்சம் ஒரு இடம்.

கம்பெனி கோச் ஒல்லியான மனிதர். கையில் சின்ன நோட்டு. பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். நான் கம்பி வேலிக்கு வெளியே, அவர் பெஞ்சுக்குப் பின்னால், பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டம் தொடங்கியதும் என் மகன் செய்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பந்து கைக்கு வந்ததும் வளையத்தைப் பார்த்து எறிந்தான். முதலாவது போர்டில் பட்டு வெளியே போனது. இரண்டாவது வளையத்தில் சுற்றி உள்ளே விழுந்தது. "ஒண்ணு" என்றேன் வாய்விட்டு. அதற்குப் பிறகு அவன் எறிந்துகொண்டே இருந்தான். தூரத்திலிருந்து எறிந்தான். இரண்டு பேர் மறைத்து நிற்கும்போதும் எறிந்தான். நண்பன் கையைத் தூக்கிப் பந்து கேட்டான். கொடுக்காமல் எறிந்தான். எறிகிற அவசரத்தில் தான் காவல் காக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டான். அந்த ஆள் தனியாக ஓடி வரிசையாக நாலு கூடை போட்டான்.

கோச் நோட்டை மடியில் போட்டார். "டேய் பதினேழு! உன்ன யார்ரா ஷூட் பண்ணச் சொன்னது? உன் ஆளு எங்கடா? கடைக்குப் போய்ட்டானா?"

மைதானம் முழுக்கச் சிரித்தது. டெப்போவில் கேட்ட அதே சிரிப்பு. என் மகன் வேலிப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. என் காலடியில் இருந்த பையைப் பார்த்தான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மாலையில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். கோச் பதினேழாம் நம்பரைத் தனியாகக் கூப்பிட்டார். "காலேஜ் மேட்ச்ல நான் பாத்த பையன் நீ இல்ல. நாளைக்கு ஒரு தடவ பாக்கறேன். இதே மாதிரி ஆடினேன்னா பாதியில பேக்கைத் தூக்கினு கெளம்பிடு."

வெளியே வந்ததும் மகன் என்னிடம் கேட்டான். "எத்தினி வந்துச்சு நைனா?"

"ரெண்டு."

"பதினொண்ணு தூக்கினு வந்த. ரெண்டுதான் எறங்கிச்சு." அவ்வளவுதான் சொன்னான். பையை என் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

மந்தைவெளியில் இறங்கியதும் அவன் வீட்டுக்குப் போனான். நான் வெற்றிலை வாங்க நின்றேன். பின்னாலேயே சைக்கிளில் அந்த நண்பன் வந்து இறங்கினான். மூச்சு வாங்கியது.

"மாமா, தப்பா எடுத்துக்கப்படாது. அவனுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு? யாராவது ஏதாவது சொன்னாளா?"

வேண்டுதலைச் சொன்னேன். அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான்.

"ஐயோ மாமா! அவன் பந்து போடறவனே இல்லை. அது அவன் வேலையே இல்லை. போன மேட்ச்ல நான் பன்னெண்டு கூடை போட்டேன். என்னைத் துரத்திண்டு வரவனுக்குக் குறுக்க சுவர் மாதிரி அவன் போய் நிப்பான். இடிக்கறவா எல்லாரும் அவனைத்தான் இடிப்பா. நான் காலியா நின்னுண்டு போடுவேன். எதிர் டீம்ல எவன் நன்னா ஆடறானோ அவனை இவன் பிடிச்சுப்பான். அந்தக் கோச் அவனைக் கூப்பிட்டதே அதுக்காகத்தான்."

நான் வெற்றிலையைக் கையில் வைத்தபடி நின்றேன். மூன்று வருஷமாக ஆறு, எட்டு என்று நான் சொல்லிவந்த பொய்யை இன்று பிள்ளை மெய்யாக்கப் பார்த்திருக்கிறான். அது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"நாளைக்கு நான் வரக்கூடாதாப்பா?"

"பேஷா வாங்கோ மாமா. பையை மட்டும் எடுத்துண்டு வராதீங்கோ."

வீட்டுக்கு வந்து, கூடைக்கொரு காய் என்ற கணக்கு இனி வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பயந்துபோனாள். "இன்னாங்க இது? சாமிகிட்ட ஒண்ணு சொல்லிட்டு வேற ஒண்ணு செஞ்சா குத்தமாயிடாதா? புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"மாத்தல. முன்னாடியே குடுத்துடறேன். அவன் ஒண்ணு போட்டாலும் சரி, போடலன்னாலும் சரி. பதினொண்ணும் அவருக்கு."

தைரியமாகத்தான் சொன்னேன். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி படத்தின் முன் வைத்துவிட்டுப் பையோடு முனைப் பிள்ளையாரிடம் போனேன். விளக்கு வைக்கும் நேரம். என்னைப் பார்த்ததும் தெருப் பிள்ளைகள் துண்டு பொறுக்கக் கூடிவிட்டார்கள். "அப்பனே, கேக்கத் தெரியாம கேட்டுட்டேன். எண்ணிக்கைய எம்மேல வெச்சுக்கோ. அவன எண்ணாத" என்று சொல்லி ஒவ்வொன்றாக அடித்தேன். நல்ல காய்கள். பளிச் பளிச்சென்று சிதறின.

பதினோராவது அழுகல்.

நாற்றம் வந்ததும் பிள்ளைகள் "ச்சீ" என்று விலகினார்கள்.  கடைசிக் காய் அழுகிப்போனால் காரியம் கெடும் என்று நம்புகிற குடும்பம் எங்களுடையது. வேறு காய் வாங்கி அடிக்கலாமா என்று நினைத்தேன். அடித்தால் பன்னிரண்டாகும், சொன்னது பதினொன்று.  பிறகு குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

மகன் முழங்காலில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒடச்சிட்டேன். பதினொண்ணும்."

"நான் இன்னும் ஆடவே இல்லியே நைனா."

"அது எனக்கும் அவருக்கும். உனக்கு அதுல ஒண்ணும் இல்ல. நீ உன் வேலையப் பாரு."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு உப்பு மூட்டையை மறுபடி சட்டியில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான் வெறுங்கையோடு வேலிக்குப் பின்னால் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தேர்வுக்கு வந்த பையன்கள் ஒரு பக்கம், கம்பெனியில் ஏற்கெனவே ஆடுகிறவர்கள் எதிர்ப் பக்கம். அதில் ஒரு ஆள் கதவு அகலம். ஆறேகால் அடி இருப்பான்.

அன்று முதல் தடவையாக நான் பந்தைப் பார்க்கவில்லை. பதினேழை மட்டும் பார்த்தேன். அவன் நிற்கவே இல்லை. வாயும் ஓயவில்லை. "லெஃப்ட்ல வரான்! பின்னாடி பாரு! நான் கீறேன், நீ போ!" என்று கத்திக்கொண்டே இருந்தான். நண்பனைத் துரத்தி வருகிறவனுக்குக் குறுக்கே போய் நின்றான். இடி வாங்கினான். நண்பன் கூடை போட்டான். எல்லோரும் நண்பனுக்குக் கை தட்டினார்கள். இவன் அதற்குள் மைதானத்தின் அந்தக் கோடிக்கு ஓடிப்போய்த் தன் ஆளுக்கு முன்னால் கையை விரித்து நின்றான். ஒரு மணி நேரத்தில் அவன் கைக்குப் பந்து வந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். வந்த வேகத்தில் அடுத்தவனுக்குக் கொடுத்தான். ஒன்றுகூட எறியவில்லை.

எனக்கு மறுபடி பயம் வந்தது. எறியாமலே இருந்தால் எப்படி எடுப்பார்கள்? "ஒண்ணே ஒண்ணு போடுடா" என்று வாய் வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கடைசிக் கட்டத்தில் அந்தக் கதவு அகல ஆள் பந்தோடு நேராக வளையத்தை நோக்கிப் பாய்ந்தான். வழியில் எல்லோரும் விலகிவிட்டார்கள். என் மகன் விலகவில்லை. ஓடிவந்து அவன் வழியில் இரண்டு காலையும் ஊன்றி, கையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றான். அந்த ஆளால் நிறுத்த முடியவில்லை. மோதிய சத்தம் வேலிக்கு வெளியே கேட்டது. என் மகன் மல்லாந்து விழுந்து சிமெண்ட் தரையில் வழுக்கிக்கொண்டு போனான்.

விசில்.

என் பிழைப்பில் ஒரு விசில் என்றால் நில். என் இரண்டு காலும் அப்படியே நின்றுவிட்டன. அழுகல் தேங்காய் நாற்றம் மூக்கில் வந்ததைப் போல் இருந்தது. நான்தான் செய்தேன், சாமி சொத்தில் கை வைத்து விளையாடினேன், பிள்ளை தலையில் விடிந்தது என்று நினைத்தேன். "முருகா, வேலை வேண்டாம், பையனைக் கொடுத்துடு" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகினேன்.

நடுவர் முஷ்டியால் உள்ளங்கையில் குத்திவிட்டு எதிர்த் திசையைக் காட்டினார். தப்பு, இடித்தவன் பேரில். பந்து எங்கள் பக்கம். கீழே கிடந்த பதினேழு ஒரு முழங்கையை ஊன்றி எழுந்தான். முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது. சிரித்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்கள் அத்தனை பேரும் எழுந்து கை தட்டினார்கள். அடி வாங்கினதற்குக் கை தட்டுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. இடித்த ஆளே அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "மெண்டலாடா நீ?" என்றான்.

இரண்டு நாளில் முதல் தடவையாகக் கோச் எழுந்து நின்றிருந்தார்.

ஆட்டம் முடிந்தது. பையன்கள் தரையில் உட்கார்ந்தார்கள். கம்பெனி அதிகாரி ஒருவர், பெல்ட்டுக்கு மேல் தொப்பை, ஸ்கோர் எழுதிய தாளோடு வந்தார். கோச்சும் அவரும் பேசியது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"ஆறு ஓகே சார். அதுல பேச்சே இல்ல. ரெண்டாவதுக்கு இருபத்தொண்ணப் போடலாமே? பதினெட்டு பாயிண்ட் எடுத்திருக்கான்."

"பதினேழு."

"பதினேழா? சார், இவன் நேர்ல முட்டைதான் இருக்கு. மேல கேட்டா நான் இன்னா சொல்றது?"

கோச் தாளை வாங்கிப் பார்த்தார். "அவன் செஞ்சதுக்கு இதுல கட்டம் இல்ல சார்."

"கட்டம் இல்லாதத எப்படி சார் ஃபைல்ல வெக்கறது?"

"என்கிட்ட பந்து போடறவன் எட்டுப் பேர் கீறாங்க. விலகாம நிக்கறவன் ஒருத்தன் குடுங்க. மேல கேட்டா என்ன கூப்பிடச் சொல்லுங்க."

அதிகாரி பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியாது. கந்தர் சஷ்டிக் கவசம் மனப்பாடம் எனக்கு. அன்று முதல் வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை. கடைசியில் அவர் தாளில் ஏதோ எழுதிக் கோச்சிடம் கொடுத்தார். கோச் பையன்கள் பக்கம் திரும்பினார்.

"ஆறு. பதினேழு. மத்தவங்களுக்கு தேங்க்ஸ்பா."

நண்பன் முதலில் கத்தினான். என் மகன் கத்தவில்லை. இருபத்தொன்றாம் நம்பர் பையன் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் தோளில் என் மகன் கையை வைத்தான். பிறகுதான் வேலிப் பக்கம் வந்தான்.

அவன் அந்தக் கம்பெனிக்குப் பல வருஷம் ஆடினான். பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்து போய் ஆடுகிறவனாகவே. பேப்பரில் பெயர் வந்தது இரண்டு தடவை. அதில் ஒன்று தப்பாக அச்சாகி வந்தது. அந்த அழுகல் தேங்காய் எதைச் சொல்லியது என்று எனக்கு இன்றும் தெரியாது. மனைவிக்கும் நான் சொன்னதில்லை. டெப்போவில் யாராவது எண்ணிக்கை கேட்டால் அதற்குப் பிறகு நான் பொய் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். முழங்கையில் கட்டியிருந்த துணியைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மகன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எத்தினி போட்டான்?"

"ஒண்ணுகூட இல்ல."

அவள் கண் கலங்கியது. "அப்போ நாளைக்குக் கோடம்பாக்கமா?"

"இல்ல" என்றேன். "உன் தம்பிய வேற ஆள் பாத்துக்கச் சொல்லு."